அதிர்வு அடங்கும் நேரம்

"உங்க பையன் தங்கமான பையன்" என்றபடியே பேராசிரியர் அந்த நீண்ட எஃகுக் குழாயைத் தட்டிக் காட்டினார்.

செத்துப்போனவனின் தாய் குழாயைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால், புதிதாக வெள்ளையடித்திருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி நின்றிருந்தாள். அந்த ஒரு சுவருக்கு மட்டும் எதற்காக அவசர அவசரமாக வெள்ளையடித்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். வருடக்கணக்காக அவனோடு சேர்ந்து இதே குழாயோடு மல்லுக்கட்டியவள் அவள்.

"இதுல அவன் என்னதாம்மா பண்ணிட்டிருந்தான்?"

தாய் தன்னைத்தான் கேட்கிறாள் என்று புரிய மாணவிக்குச் சற்று நேரமாயிற்று. தன்னால் முடிந்தவரை எளிதாகச் சொன்னாள். குழாயின் ஒரு பக்கம் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் நடுவிலுள்ள தகடு கிழியும். அந்த அதிர்ச்சியில் மறுபக்கத்து வாயு கண்மூடித் திறப்பதற்குள் பயங்கரமாகச் சூடேறும். லேசரால் உசுப்பிவிட்ட மூலக்கூறுகள் அந்தச் சூட்டில் தங்கள் அதிர்வை எவ்வளவு வேகமாக இழக்கின்றன என்று அளக்க வேண்டும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் அளக்க வேண்டும். இன்னும் சூடு வேண்டுமென்றால் இன்னும் அழுத்தம்.

குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. பேராசிரியர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழாயில ஒரு குறையும் இல்லம்மா. போல்ட்டை ஒழுங்கா முறுக்காம விட்டுட்டான், வெடிச்சிடுச்சு. அவ்வளவுதான்."

தாய் தலையாட்டிக்கொண்டாள்.

"அப்போ ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க சார். அன்னைக்கு வெச்ச அதே அளவுல."

பேராசிரியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். முடியாது என்றால் இப்போதுதான் சொன்னது பொய்யாகிவிடும்.

"நீயே போட்டுக் காட்டும்மா" என்று மாணவியிடம் சொல்லிவிட்டு, மணி அடிக்காத போனைக் காதில் வைத்தபடி வெளியே நடந்தார். கனத்த இரும்புக் கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

மாணவியின் கால்கள் தாமாகவே குழாயருகே போயின. சரிங்க சார், சரிங்க சார் என்றே பழகிப்போன உடம்பு. விரல்கள் வால்வைப் பற்றின.

அந்த விரல்களின் மேல் இன்னொரு கை வந்து அழுத்திப் பிடித்தது.

"வேண்டாம் கண்ணு. எடு கைய."

தாய் மூடிய கதவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அன்னைக்கும் இவரு இப்படித்தான் வெளியே போயி நின்னுக்கிட்டாரா?"

பேராசிரியர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று விசாரணைக் குழுவின் முன் சொன்னவள் அந்த மாணவிதான்.

அவள் தலை மெல்ல அசைந்தது, ஆமாம் என்று.