ஞானதாசனின் வலது கை

அவள் பந்தயம் வைத்ததும், அதற்காகவே காத்திருந்தவர்போல ஞானதாசன் சிரித்தார்.

சற்று முன்புதான் மேசையை விரலால் தட்டி, ‘செக்’ என்று ஒதுங்கியிருந்தார். எனக்கு ஒன்றுமில்லை, நீ பார்த்துக்கொள் என்பதுபோல. அதை நம்பித்தான் அவள் பந்தயச் சிப்புகளை நகர்த்தினாள்.

இப்போது அதைப்போல மூன்று மடங்கைத் தள்ளிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“ரெய்ஸ்” என்று அவர் ஏற்றியதை அறிவித்தாள் சீட்டுப் போடும் டீலர் பெண்.

மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவான மூன்று சீட்டுகள் திறந்து கிடந்தன. ராஜா, ஒன்பது, நான்கு.

அவளிடம் ஒன்பதும் பத்தும்.

ஒன்பதில் ஒரு ஜோடி. அவ்வளவுதான். அவரிடம் ராஜா இருந்தால் இவள் கதை முடிந்தது. இல்லையென்றால் இவள் கைதான் மேல்.

கோவாவில், ஆற்றில் நங்கூரமிட்ட சூதாட்டக் கப்பல். வெளியே மத்தியான வெயில். உள்ளே பல் கிட்டிக்கும் குளிர். பெருங்கூட்டமாகத் தொடங்கிய போக்கர் போட்டியில் இந்த ஒரு மேசைதான் மிச்சம்.

வேலையை விட்டுவிட்டு இனி இதைத்தான் ஆடப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அம்மா எழுந்துபோய் மிக்ஸியைப் போட்டாள்.

தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தால் பதற்றம் தெரிந்துவிடும்.

பக்கத்து நாற்காலியில் அவர். அவருடைய வலது கை மேசைமேல் கிடந்தது.

நடுங்கிக்கொண்டிருந்தது.

ஞானதாசன் பல் டாக்டர். வேளச்சேரியில் கிளினிக். அவளுடைய கடைவாய்ப் பல்லை எடுத்தவர் அவர்தான். எடுத்துத் தட்டில் போட்ட சத்தம் கேட்டுத்தான் அவளுக்கே தெரிந்தது. அப்படியொரு கை.

அந்தக் கை சீட்டு மேசையில் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். பெரிய சீட்டு வந்தால் விரல்கள் லேசாக அதிரும். அவருக்கு அது தெரியாது. அவள் சொன்னதுமில்லை. அவரோடு ஆடும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் அதைப் பார்த்துப் பார்த்தே ஒதுங்கித் தப்பித்திருக்கிறாள்.

இன்றைக்கு அதிர்வு கொஞ்சம் கூடுதல்.

அப்படியானால் ராஜா இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டாகக்கூட இருக்கலாம்.

ஆனாலும் விட மனம் வரவில்லை. இதை விட்டால் கையில் கொஞ்சம்தான் மிஞ்சும். அதை வைத்துக்கொண்டு எத்தனை ஆட்டம் தாங்கும்?

மிச்சமிருந்த சிப்புகளைக் கண்ணாலேயே எண்ணினாள்.

எதிரே கறுப்புக் கண்ணாடிக்காரன் பொறுமையிழந்து, “டைம்” என்றான். அவளுக்குக் கெடு வைக்கப் போட்டி அதிகாரி வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். நொடிகளை வாய்க்குள் எண்ணத் தொடங்கினார்.

அவள் தன் சீட்டுகளின் ஓரத்தைத் தூக்கி இன்னொரு முறை பார்த்தாள். அதே ஒன்பது, அதே பத்து.

அந்தக் கை ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

ஆட்டத்தை விட்டுக்கொடுத்துச் சீட்டுகளைத் தள்ளிவிட்டாள்.

ஞானதாசன் வாய்விட்டுச் சிரித்தபடி தன் சீட்டுகளைப் புரட்டிப் போட்டார். ஏழும் இரண்டும். ஒன்றுமே இல்லை.

மேசை முழுக்கச் சிரிப்பு. கறுப்புக் கண்ணாடிக்காரன்கூடக் கைதட்டினான்.

அவளுக்கு முகம் சுட்டது. கூடவே ரயிலில் வந்தவர். காலையில் அவள் தட்டில் ஆம்லெட் எடுத்து வைத்தவர். எல்லாம் தெரிந்தே கையை ஆட்டிக் காட்டியிருக்கிறார். இத்தனை ஞாயிறும் இதற்காகத்தானா?

அவர் இரண்டு கைகளாலும் சிப்புகளை அணைத்து இழுத்தார். விரல்கள் சுத்தமாக வேலை செய்தன. அடுக்கினார். அடுக்கி முடித்து, வலது கையை மேசைமேல் வைத்தார்.

வைத்ததும் அது மறுபடி ஆடத் தொடங்கியது.

பந்தயம் முடிந்துவிட்டது. ஏமாற்ற இனி யாருமில்லை.

கட்டைவிரல் ஆள்காட்டி விரலை உரசிக்கொண்டே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத எதையோ உருட்டுவதுபோல. நிற்கவில்லை.

“பயந்துட்டியா வாசுகி?” என்றார், சிரிப்பு மாறாமல்.

“அப்ப இல்ல டாக்டர்” என்றாள். “இப்பத்தான்.”

அவள் பார்வை போன இடத்துக்கு அவர் பார்வையும் போனது.

டீலர் பெண் புதுச் சீட்டுகளை வழுக்கிவிட்டாள். இருவரும் எடுக்கவில்லை.

அவர் இடது கையைக் கொண்டுவந்து வலது கையின்மேல் வைத்து அமுக்கினார். அடியில் அது அசைந்துகொண்டிருந்தது. அவள் பக்கம் குனிந்தார். அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

“வெளிய தெரியுதாம்மா?”