முதலில் நிலம், பிறகு கால்

"எந்த எடத்துல மிதிச்சீங்கன்னு நல்லா யோசிச்சிச் சொல்லுங்கண்ணா" என்றாள் கோகிலவாணி.

தங்கவேல் அக்குளில் ஊன்றுகட்டையை இடுக்கிக்கொண்டு தன் கொல்லையை ஒரு சுற்றுப் பார்த்தார். வலது முழங்காலுக்குக் கீழே வேட்டி வெறுமனே காற்றில் ஆடியது.

"அந்த மூலைன்னு நெனைக்கிறேன் மேடம். இல்ல, கீழாண்ட பக்கமா? வெடிச்ச வெடியில ஒண்ணும் ஞாபகம் இல்ல."

எங்கோ பனி கொட்டும் ஒரு நாடு, உலகமெங்கும் கண்ணிவெடி அகற்றவும், கால் போனவர்களுக்குச் செயற்கைக் கால் கொடுக்கவும் பணத்தை வாரி இறைக்கிறது. அதில் ஒரு சொட்டு, கோகிலவாணி வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்துக்கும் விழுந்திருந்தது. ஜவ்வாது மலையில் ஏது கண்ணிவெடி என்று கேட்ட அந்நாட்டு அதிகாரிக்கு, காட்டுப்பன்றிக்குத் திருட்டுத்தனமாக வைக்கும் நாட்டுவெடியைப் பற்றி மெயில் மேல் மெயில் போட்டுச் சம்மதிக்க வைத்தவள் அவள்தான். ஆனாலும் அவர்கள் விதியை விடவில்லை. முதலில் நிலத்தைச் சுத்தம் செய்து வெடியின் தடயத்தைக் காட்ட வேண்டும். பிறகுதான் கால்.

நிலாவுக்குப் போகிறவர்கள் மாதிரி தலைக்கவசமும் முகமூடியுமாக வெடி அகற்றும் ஆட்கள் மலையேறி வந்தார்கள். டிராக்டர்காரன் எட்டிக்கூடப் பார்க்காத கல்லாங்கொல்லை அது. கயிறு கட்டி, மண்டியிட்டு, மண்ணைக் கிளறி, கல்லையெல்லாம் பொறுக்கி வரப்பில் அடுக்கினார்கள்.

"ஒரு ஜாண் எடம் விடாதீங்க சார். நாளைக்கு வேற யாருனா மிதிச்சிட்டா இன்னா பண்றது?" என்று அக்கறையாகச் சொன்னார் தங்கவேல். அவர் மனைவி பாஞ்சாலி எல்லாருக்கும் கூழ் ஊற்றினாள்.

மொத்தக் கொல்லையையும் புரட்டியும் கிடைத்தது துருப்பிடித்த ஒரு மாட்டு லாடம்தான். ஆட்கள் மூட்டை கட்டினார்கள்.

கோகிலவாணி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்கண்ணா. தடயம் இல்லாம கால் தர முடியாதுன்னுட்டாங்க."

"அழுவாதீங்க மேடம். நம்ம தலையெழுத்து அவ்ளோதான்" என்று அவர்தான் அவளைத் தேற்றி அனுப்பினார்.

அந்த நாட்டையும் அதன் விதியையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தாள். இந்த மனுஷனுக்கு ஒரு கால் வாங்கித் தர வக்கில்லாமல் போனோமே என்று வெட்கமாக இருந்தது. வானம் உறுமியதும்தான் குடையை அவர் வீட்டில் மறந்தது நினைவுக்கு வந்து திரும்பினாள்.

கொல்லை மண் பொலபொலவென்று கிடந்தது. வீட்டுக்குள்ளிருந்து தங்கவேலின் குரல் கேட்டது.

"மழை வந்துடுச்சி பாஞ்சாலி, சாமை வெதைய எடு. அப்டியே லாரி என்மேல ஏறினப்ப ஆஸ்பத்திரியில குடுத்தாங்களே, பரண்மேல ஒளிச்சி வெச்சிக்கிற அந்தக் காலையும் எட்த்தா."