சூருஸின் கரடித்தோல்

காலை வெயில் ஆற்றங்கரைப் பாசறையின் மண்சுவரில் ஏறிக்கொண்டிருக்கிறது. கொம்பூதி சூருஸ் முற்றத்தின் நடுவில் நிற்கிறான். ஈட்டி கிழித்த உதட்டில் தழும்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது. கொடி தூக்குபவனும் கொம்பூதியும் மட்டும் அணியும் கரடித்தோலில் அவனுடையது இரண்டு மாதமாக ஆணியில் தொங்கியது; அது இப்போது கொடி தூக்கும் வலேன்ஸின் கையில் மடங்கிக் கிடக்கிறது. வலேன்ஸ் தன் கரடித்தோலைத் தலைக்கவசத்தின் மேல் போட்டு, முன்னங்கால்களை மார்பில் முடிச்சுப் போட்டிருக்கிறான். கரடியின் மேல்வரிசைப் பற்களுக்குக் கீழே அவன் மூக்கு வேர்க்கிறது. இன்றைக்கு ஊத முடியாவிட்டால் சூருஸின் தோல் வேறொருவனுக்கு என்று நூற்றுவர் தலைவர் சொல்லிவிட்டார். பாவம் அவன்.

"அதைப் போட்டுக்கிட்டே ஊதுறேனே" என்கிறான் சூருஸ். "கரடியா ஊதப்போவுது? நீதான்டா ஊதணும்" என்கிறான் வலேன்ஸ். சூருஸ் வளைந்த பித்தளைக் கொம்பை வாயில் வைக்கிறான். காற்றுதான் வருகிறது. "கரடிக்குச் சளி" என்கிறான் ஒரு காவல்காரன். சூருஸ் உதட்டை நக்கிக்கொண்டு மறுபடி ஊதுகிறான். முதலில் ஒரு கரகரப்பு, அப்புறம் தடித்த, நீண்ட ஒலி ஆற்றைத் தாண்டிப் போகிறது. வீரர்கள் தங்கும் கொட்டகைக் கதவுகள் படபடவென்று திறக்கின்றன. ஒருவன் பாதி மழித்த தாடையோடும் இன்னொருவன் ஒற்றைச் செருப்போடும் ஓடிவர, பின்னால் வந்தவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். "யாரு உங்களைக் கூப்பிட்டா?" என்கிறார் முற்றத்து ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தலைவர். "கொம்பு கூப்பிட்டுதுங்க ஐயா." அவர் வலேன்ஸின் கையிலிருந்து தோலை வாங்கி உதறுகிறார். "வந்தது வந்தீங்க, நின்னு பாத்துட்டுப் போங்க. சூருஸ், தலையைக் குனி."