மூன்று சாமிகளும் ஒரு மொட்டை மாடியும்

கோச்சடைக்குக் குடிவந்த இரண்டாம் நாளே தாமரைச்செல்விக்குத் தெருக்கதை பாதி தெரிந்துவிட்டது. மீதிக்காக மொட்டை மாடி ஏறினாள்.

பக்கத்து மாடியில் ஐயப்பனுக்கு மாலை போட்ட மூன்று பேர், ஒழுகும் தளத்தில் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். தளத்தில் பாதி, வேட்டியில் பாதி. வீட்டுக்காரர் செல்வக்குமார் ஓரமாகக் கைகட்டி நின்றார்.

"யாருண்ணே இவங்க?"

"கூடப் படிச்ச பயலுக... இல்ல, சாமிங்க! ஒருத்தர் வாத்தியார், ரெண்டு பேரு பேங்க்கு. விரதத்துல யாருக்காச்சும் கையால உதவணும்னு வந்துருக்காங்க."

"அதுக்காக? ஒரு மழை பேஞ்சா வீடே குளமாயிரும்ணே! இந்த ஏரியாவுலயே கெட்டிக்காரக் கொத்தனார்னு கீழ்வீட்டக்கா ஒரு நம்பர் குடுத்துச்சு. இருங்க, நானே கூப்பிடுறேன்."

செல்வக்குமாரின் சட்டைப்பையில் போன் அடித்தது.

"அண்ணே... நீங்கதானா அது?"

"மெதுவாப் பேசும்மா. 'ஊருக்கெல்லாம் நீ பூசுற, உன் வீட்ட நாங்க பூசுறோம்'னு அம்புட்டு ஆசையா வந்துருக்காங்க. கரண்டியப் பிடுங்க முடியுமா?"

"அப்ப ஒழுகுறது?"

"அவங்க மலைக்குக் கிளம்பவும் பேத்துட்டுப் புதுசாப் பூசிருவேன். அதுவரைக்கும் மழை வரக்கூடாதுன்னு, திருப்பரங்குன்றத்துல முடி எறக்குறதா நான் வேண்டியிருக்கேன்!"