ஞாயிறு சாயங்காலத்து மூச்சு

அருமைநாயகத்துக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். பகல் முழுவதும் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடுதான் இருப்பார். ஒரு மாதமாக ஞாயிறு சாயங்காலமானால் மூச்சிரைப்பு கூடிவிடுகிறது.

"கொசுவத்தி கொளுத்துறீங்களா? பக்கத்துல குப்பை எரிக்கிறாங்களா? சளி, காய்ச்சல் ஏதும் உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள் மனைவி எஸ்தர். அருமைநாயகம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மாலை ஆராதனை முடியும் முன்பே எஸ்தர் வீட்டுக்குத் திரும்பினாள். இஸ்திரி போட்ட சட்டையில் அவர் கைப்பேசி முன் உட்கார்ந்திருந்தார். குழாய் நாற்காலிக்குப் பின்னால் கிடந்தது. திரையில், ஒரு மாதமாக ஞாயிறு சாயங்காலங்களில் மஸ்கட்டிலிருந்து கூப்பிடும் மகள் பெனிட்டா, ஏழு மாத வயிற்றோடு.

"நல்லா இருக்கேம்மா. மாடிக்குக்கூட ஏறி இறங்குதேன்," என்றார். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது.

எஸ்தர் நேராகப் போய்க் குழாயை எடுத்து அவர் மூக்கில் வைத்துக் காதுகளில் மாட்டினாள். அவர் அவள் கையைத் தள்ளப் பார்த்தார், முடியவில்லை. பெனிட்டா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பா, நீங்க பேச வேண்டாம். நான் பேசுதேன், கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க," என்றாள் பெனிட்டா.

குழந்தை காலையில் எத்தனை முறை உதைத்தது என்பதிலிருந்து ஆரம்பித்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.