பக்கத்து நாற்காலி

ஒரு காரின் டிக்கியில் இரண்டு மடக்கு நாற்காலிகள் குடித்தனம் நடத்தி வந்தன. ஒன்று நீலம், அதன் பெண்டாட்டி பச்சை. காருக்குச் சொந்தக்காரர்களான புருஷன் பெண்டாட்டிக்கு ஊர் சுற்றாமல் இருப்புக் கொள்ளாது. கடலோ காடோ, போன இடத்தில் கூடாரம் அடித்து, கண்ணுக்குக் குளிர்ச்சியான பக்கம் பார்த்து நாற்காலிகளை அருகருகே விரிப்பார்கள்.

நீலத்துக்குப் பெருமை பிடிபடாது. "அதோ பார், யானைக் கூட்டம்! அதோ பார், அருவி!" என்று ஓயாமல் சொல்லும். பச்சை 'ம்' கொட்டும். திரும்பும்போது மறுபடி இருட்டு டிக்கிதான். "நம்மளை மாதிரி சேர்ந்து ஊர் பார்த்த ஜோடி உண்டா?" என்று அங்கேயும் நீலம் பீற்றிக்கொள்ளும்.

ஒருநாள் மலையுச்சியில் விடியும்போதே பனிமூட்டம். எதிரே எதுவும் தெரியவில்லை. "பார்க்கத்தான் ஒண்ணுமில்லையே, பேசிக்கிட்டாவது இருப்போம்" என்று அந்தப் பெண் பச்சையைத் தூக்கி நீலத்துக்கு எதிரே திருப்பிப் போட்டாள். பிறகு இருவரும் டீ போடப் போனார்கள்.

நீலம் முதன்முதலாகப் பச்சையை நேருக்கு நேர் பார்த்தது. அதன் துணி கிழிந்து, கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தது. ஒரு கால் கோணியிருந்தது.

"ஐயோ, இது எப்போ ஆச்சு?"

"ஏரிக்கரையில. அன்னைக்கே சொன்னேன். நீங்க, 'அதோ பார், கொக்கு பறக்குது'ன்னீங்க."

சற்று நேரத்தில் பனி விலகி, பச்சையின் முதுகுக்குப் பின்னால் பள்ளத்தாக்கு முழுக்க வெயில் விழுந்தது.

"எனக்குப் பின்னாடி என்ன தெரியுதுங்க?" என்று கேட்டது பச்சை.

"கவனிக்கலை" என்றது நீலம். "அந்தக் கால் வலிக்குதா?"