முன் சீட்டு

கண்டி பஸ்ஸில் ஏறக் காலெடுத்து வைத்த பஸீரை, நிதுஷன் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இறக்கினான். மாத்தளை பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. அவனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

கட்டுநாயக்க எயார்போட்டுக்குக் கண்டியில் எந்த பஸ் பிடிப்பது என்று பஸீர் கொண்டக்டரிடம் விசாரித்தது அவன் காதில் விழுந்திருந்தது. அது போதாதா? பஸீரின் தங்கை அபீபாவின் கணவன் ரில்வான், நிதுஷனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். சவூதிக்கு வேலைக்குப் போனவன், இந்த மாதம் வந்துவிடுவேன் என்று கடைசியாகப் பேசியபோது சொல்லியிருந்தான்.

அதற்குப் பிறகுதான் நிதுஷனுக்கு அம்மை போட்டது. பலாபத்வலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், வாசலில் வேப்பிலையைக் கட்டிப் படுக்கவைத்துவிட்டார்கள். கண்ணுக்கு ஆகாது என்று போனையும் அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டாள். யாரையும் உள்ளே விடவுமில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, இன்றைக்குத்தான் வாடகைக்கு ஓட்டும் தன் வேனை வெளியே எடுத்திருந்தான்.

எடுத்த முதல் நாளே இப்படி ஒரு காட்சி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ரில்வானைக் கட்டுநாயக்கவில் கொண்டுபோய் விட்டது இதே வேன்தான். உள்ளே போகுமுன் அவன் நிதுஷனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, திரும்பி வரும்போதும் நீதான் வரவேண்டும் என்றான். நிதுஷன் அவன் கையிலடித்துச் சத்தியம் செய்துகொடுத்தான். அந்த நாள் வந்தும் தன்னை ஒருவரும் கூப்பிடவில்லையே என்று அவனுக்குக் குறையாக இருந்தது.

"ஏன் நானா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று சொந்த அண்ணனிடம் போலக் கேட்டான்.

பஸீர் அவன் முகத்திலிருந்த தழும்புகளைப் பார்த்தார். அவருடைய முகமும் சவரம் காணாமல், தூக்கம் காணாமல்தான் இருந்தது.

"உனக்கு அம்மைன்னு சொன்னாங்க தம்பி. சேதி எப்பிடியும் வந்திருக்கும்னு நெனச்சேன்."

எந்தச் சேதியும் வரவில்லை என்று சொன்னால் பாவம், மனுஷன் சங்கடப்படுவார் என்று நிதுஷன் அதை விழுங்கிக்கொண்டான். பேச்சை வண்டிப் பக்கம் திருப்பினான். பஸ்ஸென்றால் கண்டியில் இறங்கி ஏற வேண்டும், சாமானை மடியில் வைத்துக்கொண்டு கொண்டக்டரிடம் ஏச்சு வாங்க வேண்டும். ரயிலை நம்பி எயார்போட்டுக்குப் போவது நடக்கிற காரியமில்லை. காரென்றால் டிக்கி காணாது. வேன்தான் சரி, பின் சீட்டைக் கழற்றிவிட்டால் இடம் தாராளம், ஹயர் காசு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னான்.

"பேக் ரெண்டுதானே தம்பி. அதுக்கு எதுக்கு வேன்?"

நிதுஷனுக்குச் சிரிப்பு வந்தது. சவூதியிலிருந்து இரண்டு பேக்கோடு வந்த ஆளை மாத்தளை இதுவரை கண்டதில்லை. போர்வையும் டீவியும் வாசனைப் போத்தலுமாக அவன் எத்தனை வீட்டு வாசலில் அட்டைப்பெட்டி இறக்கியிருக்கிறான். ரில்வான் மட்டும் கைவீசிக்கொண்டா வருவான்?

போகிற வழியில் வீட்டுக்குப் போய் அபீபாவையும் பிள்ளையையும் ஏற்றிக்கொள்வோம் என்றான். எயார்போட்டுக்கு வீடே திரண்டு போவதுதானே ஊர் வழக்கம்.

"அவ எப்பிடி வாறது? அவளுக்கு வெளிய எறங்க ஏலாதுதானே."

சரிதான், அபீபா கோபமாக இருக்கிறாள் என்று நிதுஷன் எடுத்துக்கொண்டான். இரண்டு வருஷத்தில் வருகிறேன் என்று போனவன் அதை மூன்றாக்கினால் எந்தப் பெண்சாதிக்குத்தான் கோபம் வராது. அப்படியானால் மகள் ஷஸ்னாவையாவது கூட்டிப்போகலாமே என்று கேட்டான்.

ஷஸ்னா வருகிறேன் என்று அழுததாகவும், தான்தான் விட்டுவிட்டு வந்ததாகவும் பஸீர் சொன்னார். இது நிதுஷனுக்குப் பொறுக்கவில்லை. புருஷன் பெண்சாதிக்குள் ஆயிரம் இருக்கட்டும், பிள்ளை என்ன பாவம் செய்தது என்று அவரை முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான். பஸீர், ஹோர்ன் அடித்துப் புறப்பட்ட கண்டி பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி தம்பி, உன்ட மனசு. அவன்ட சாமான் உன்ட வேன்ல வாறதுதான் முறை" என்றார் கடைசியில்.

நிதுஷனுக்கு உயிர் வந்தது. பின் சீட்டைக் கழற்றி வேன் ஸ்டாண்டிலிருந்த கடையில் போட்டான். கண்ணாடியைத் துடைத்தான். அம்மையில் கிடந்த உடம்பு இரைத்தது, அதையும் பொருட்படுத்தவில்லை. கூட்டாளியைக் காணப் போகிறோம் என்ற சந்தோஷம் அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது.

பஸீர் முன் கதவைத் திறந்தார்.

"போகும்போது நீங்க முன்னுக்கு இருங்க நானா. வரும்போது மட்டும் ரில்வானுக்கு விட்டுடுங்க. கடுகண்ணாவ மலை வளைவுல அவனுக்குத் தலை சுத்தும்."

ஏறப்போன பஸீர் அப்படியே நின்றார். நிதுஷனை உற்றுப் பார்த்தார். திறந்த கதவை மெல்லச் சாத்திவிட்டு, சுற்றி வந்து, அவன் தோளில் கையை வைத்தார்.

"தம்பி, ரில்வான அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க."